காசா, காஷா? ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பல்பொருள் அங்காடி ஒன்றில் மாதக் கடைசிச் சனிக்கிழமை. எனக்கு முன்னால் பெரியவர் ஒருவர் பருப்பும் தேயிலையும் ஒரு தகரப்பால் பேணியும் வாங்கிக்கொண்டு நின்றார். பில் போடும் பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "ஐயா, காசா, கார்டா?" பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் வைத்தார்.

அவள் கேட்ட மூன்று சொற்களில் நடுவில் இருப்பது எந்த மொழிச் சொல்? 'கார்ட்' ஆங்கிலம், அதில் ஐயமில்லை. 'காசா' என்பது நம்முடைய காசோடு வினா எழுத்துச் சேர்ந்த சொல்லா? அல்லது ஆங்கிலக் 'காஷ்' நம் நாவில் 'காசு' ஆகிவிட்டதா? கொழும்பில் நாளொன்றுக்கு எத்தனையோ தடவை கேட்கப்படும் இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கும் தெரியாது, பதில் சொல்பவருக்கும் தெரியாது.

என்னோடு வந்திருந்த அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். வெளியே வந்ததும், "மாமா, காஷ் என்ற சொல்லே தமிழிலிருந்து போனதுதான் என்று வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா?" என்று கேட்டாள். பஸ் தரிப்பிடத்தில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. பாதி உண்மை, பாதி பிழை. அந்தப் பாதி எங்கே பிரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்டு. கட்டுமரம் போனது, சுருட்டுப் போனது, மிளகுத்தண்ணீர் ரசமாகப் புறப்பட்டு அங்கே சூப்பாகப் போய்ச் சேர்ந்தது. இவற்றை எந்த ஆங்கில அகராதியும் மறைப்பதில்லை. அந்த வரிசையில் 'காஷ்' என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று தோன்றும். வழி வேண்டும். ஒரு சொல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனது என்றால், யார் வாயில், எந்தக் காலத்தில், எந்தப் பாதையில் போனது என்று காட்டவேண்டும்.

அந்தப் பாதையைத் தேடிப் போனால், ரொக்கம் என்ற பொருளில் உலகமெங்கும் புழங்கும் 'காஷ்' ஒரு பெட்டியில் போய் நிற்கிறது. இலத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. உரோமர்கள் சுருட்டி வைத்த ஏடுகளை உள்ளே நிறுத்தி வைத்துத் தூக்கிச் செல்லும் உருளை வடிவப் பெட்டிக்கு அந்தப் பெயர் இருந்தது. அதன் வேர், பிடி, கொள் என்ற பொருள் தரும் வினை. நாம் 'கொள்கலம்' என்று சொல்லும்போது எந்தச் சிந்தனை ஓடுகிறதோ அதே சிந்தனைதான். காப்சா இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் பணப்பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் பெட்டியின் பெயரே ஒட்டிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் எஞ்சியது. பெட்டி என்ற பொருள் அடியோடு மறந்துபோனதால், பிறகு ஆங்கிலேயர் 'காஷ் பொக்ஸ்' என்று சொல்லவேண்டி வந்தது. வேரைப் பார்த்து மொழிபெயர்த்தால் 'பெட்டிப் பெட்டி'. காஷியர் என்பவர் பெட்டிக்காரர். மாத்திரைக் கூடாகிய கப்சூலும், பாட்டுக் கேட்ட கஸெற்றும் அதே பெட்டியின் பிள்ளைகள்தான். இரண்டும் சின்னஞ்சிறு பெட்டி என்ற பொருளுடையவை.

ஈழத்தமிழருக்கு இந்தப் பெட்டியைக் காண அகராதியைப் புரட்டத் தேவையில்லை. பாரிஸில் லா ஷாப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் உறவினரிடம் பணம் செலுத்தும் இடத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். 'கெஸ்' என்பார். சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருப்பவர் 'காஸ்ஸ' என்பார். மருத்துவக் காப்புறுதி நிறுவனத்துக்கு அங்கே 'கிராங்கன்காஸ்ஸ' என்று பெயர், நோயாளர் பணப்பெட்டி என்று பொருள். ஆங்கிலம் தொலைத்த பெட்டியை அந்த மொழிகள் இன்றும் பத்திரமாக வைத்திருக்கின்றன.

பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆவது நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் கடைக்காரர்கள் பணப்பெட்டியைக் கல்லா என்பார்கள், 'இன்று கல்லா எவ்வளவு?' என்று கேட்டால் பெட்டியின் அளவைக் கேட்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் பணம் போடுவது லாச்சியில். அந்த லாச்சி ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். இழுப்பறையை அவர்கள் 'லாட்யெ' என்றார்கள்.

ஆக, பல்பொருள் அங்காடிப் பிள்ளை ஆங்கிலத்தை நினைத்துத்தான் கேட்டாள் என்றால், அவள் கேட்டது 'பெட்டியா, அட்டையா?' என்பதுதான். தமிழ்க் காசுக்கும் அந்தச் சொல்லுக்கும் இரத்த உறவு இல்லை. வகுப்பில் சொல்லப்பட்டதன் பிழையான பாதி இது.

இனிச் சரியான பாதி.

பெரிய ஆங்கில அகராதிகளைத் திறந்தால் 'காஷ்' இரண்டு தனிச் சொற்களாகப் பதிவாகியிருப்பதைக் காணலாம். எழுத்துக்கூட்டு ஒன்று, வேர் வேறு. இரண்டாவதன் பொருள்: தென்னிந்தியாவிலும் கிழக்காசியாவிலும் வழங்கிய சிறுமதிப்பு நாணயம். அதன் பிறப்பிடம் தமிழ்க் காசு. ஆங்கில - இந்தியச் சொற்களைத் திரட்டி யூலும் பர்னலும் 1886 இல் வெளியிட்ட ஹொப்சன்-ஜொப்சன் அகராதி வழியைத் தெளிவாகக் காட்டுகிறது. தமிழ்க் காசிலிருந்து, அல்லது ஒருவேளை கொங்கணி வடிவம் ஒன்றிலிருந்து, போர்த்துக்கேயர் 'கைஷா' என்று ஆக்கினார்கள், அதிலிருந்து ஆங்கிலேயர் 'காஷ்' என்றார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் போர்த்துக்கேயரின் வாய். அவர்கள் மொழியில் 'கைஷா' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி! அதே இலத்தீன் காப்சாவின் வழிவந்த பெட்டி. கடைத்தெருவில் தமிழர் 'காசு' என்று சொன்னது அந்நியர் காதில் விழுந்தபோது, கைவசம் இருந்த சொல்லுக்குள் அதை அடக்கிவிட்டார்கள். தெரியாத ஒலியைத் தெரிந்த சொல்லாக்கிக்கொள்வது எல்லா மொழிக்காரரும் செய்வதுதான். பிறகு ஆங்கிலேயரும் அதையே செய்தார்கள். தங்களிடம் இருந்த 'காஷ்' என்ற எழுத்துக்கூட்டையே நாணயத்துக்கும் மாட்டினார்கள். இப்படியாகத் தமிழ்ச் சொல் ஒன்று இரண்டு தடவை ஐரோப்பியப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று என்ற தோற்றம் வந்துவிட்டது.

அந்தக் காசு வெறும் அகராதிச் சொல்லாக நிற்கவில்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் கணக்குப் புத்தகங்களே அதில்தான் நடந்தன. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கூட்டிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. நம்முடைய 'பணம்' ஆங்கிலேயர் எழுத்தில் 'ஃபனம்' என்று ஆகி நின்றது. இந்தக் கணக்கு 1818 இல் ரூபாய் முறை வரும்வரை நடந்தது. திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கே ஒரு காசு நாணயம் இருபதாம் நூற்றாண்டிலும் அச்சாகிக்கொண்டிருந்தது.

நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். பத்துக் காசு நாணயம் ஒன்றை ஒருமுறை என் உள்ளங்கையில் வைத்தார். செம்பு. ஒரு புறம் இரண்டு சிங்கங்கள் தாங்கிப் பிடித்த கம்பனியின் இலச்சினை, 1808 என்ற ஆண்டு. மறுபுறம் திருப்பினால் பாரசீக எழுத்து. 'பத்துக் காஸ், இரண்டு பலூஸ்' என்பது அதன் பொருள். அதன் கீழே உரோம இலக்கத்தில் பத்தும், ஆங்கில எழுத்தில் காஷும். தமிழ்ச் சொல், பாரசீக எழுத்து, உரோம இலக்கம், ஆங்கிலக் கம்பனி, அச்சடித்த இடமோ இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சோஹோ அக்கசாலை. சில இடங்களில் விளிம்பு அரிக்கப்பட்டுச் சொரசொரத்தது. இந்த வகை நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் மூழ்காளிகள் அவற்றை அள்ளி எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவைக் காணாமலே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்த காசு அது. கையில் வைத்திருந்த சில நிமிடங்களும் நான் பேசவில்லை.

இந்தக் 'காஷ்' சீனாவரை போனது இன்னும் வியப்பு. நடுவில் சதுரத் துளையிட்டு, கயிற்றில் கோத்து வைக்கும் சீனச் செப்பு நாணயத்தை ஐரோப்பியர் அழைத்தது 'காஷ்' என்றுதான். சீனரிடம் அதற்குத் தங்கள் சொல் இருந்தது, தமிழ்ச் சொல்லோடு அவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை. ஆசியக் கடலில் கண்ட சிறுநாணயங்களுக்கெல்லாம் போர்த்துக்கேயர் கைஷா என்று பெயர் வைக்க, ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் நாணயவியல் நூல்களில் சீனக் காசுக்கு அதுவே பெயர். இலங்கையின் பழைய தலைநகரான யாப்பகூவவில் நடந்த அகழ்வில் சீனக் காசுகள் கிடைத்ததும் உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409 ஆம் ஆண்டிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே நிற்பதைக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோஹோவில் அடித்த அந்தச் செப்புக் காசுதான் நினைவுக்கு வரும்.

காசு நமக்குள் எவ்வளவு பழையது? குறுந்தொகையின் 67 ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு கிளியைக் காட்டுகிறார். வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. பொற்கொல்லன் புதுநூலில் கோப்பதற்காகக் கூரிய நகங்களுக்கிடையே பிடித்திருக்கும் 'பொலங்கல ஒருகாசு' போல அது இருக்கிறது என்கிறார். மஞ்சளாக உருண்ட பழம், பொன் காசு. அங்கே காசு என்பது நகையில் கோக்கும் பொன். திருப்பாவையில் ஆண்டாள் 'காசும் பிறப்பும் கலகலப்ப' என்று ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசையைச் சொல்லும்போதும் கழுத்தணிதான். அதே காசும் பிறப்பும் யாப்பிலக்கணத்திலும் வருகின்றன. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடியவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். 'சாந்துணையும் கல்லாத வாறு' என்று குறள் முடியும்போது அங்கே கடைசியில் விழுவது ஒரு காசு.

புழங்கும் நாணயமாகக் காசு வரும் இடங்களில் சம்பந்தரின் திருவீழிமிழலைப் பதிகத்துக்கு ஈடில்லை. பஞ்ச காலம். அடியார்களுக்கு உணவளிக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு படிக்காசாக வைத்தார் என்பது வரலாறு. சம்பந்தருக்குக் கிடைத்த காசு மாற்றுக் குறைந்தது. கடைக்காரர் அதற்கு வட்டம் கேட்டார்கள். உடனே 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். வாசி என்பது நாணயம் மாற்றும்போது கழிக்கும் வித்தியாசம். ஏழாம் நூற்றாண்டில் ஒரு பிள்ளை கடவுளிடம் நாணய மாற்று வீதம் பற்றி முறையிடுகிறது! இன்றைக்குக் கொழும்புக் கோட்டையில் வெளிநாட்டு நாணயம் மாற்றும் கடை வாசலில் நிற்பவருக்கு அந்த வரி சட்டென்று விளங்கும்.

காசின் வேர் எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பொன்னையும் வெள்ளியையும் நிறுக்கும் எடையான 'கர்ஷ' என்ற வடசொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு, ஹொப்சன்-ஜொப்சனும் அப்படியே செய்கிறது. திராவிட வேர்ச்சொற்களின் அகராதியோ காசைத் திராவிடச் சொல்லாகத் தன்னுள் வைத்திருக்கிறது. முதற்கருத்துச் சரியானால் இலங்கைக்கு அதில் ஒரு சுவை உண்டு. அந்தக் கர்ஷ வழியில் வந்த 'கார்ஷாபண' பாளியில் 'கஹாபண' ஆகி, சிங்களத்தில் 'கஹவணு' ஆனது. பழைய சிங்கள அரசர்களின் பொன் நாணயத்துக்கு அதுதான் பெயர். கஹவணுவும் காசும் ஒன்றுவிட்ட சகோதரர் ஆகிவிடும். நாணயத்துக்கு இன்றைய சிங்களச் சொல் 'காசிய'. புறக்கோட்டையில் இரண்டு மொழிக்காரரும் ஒரே சொல்லைத்தான் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்றே ஒரு நாணயம் பேசப்படுகிறது. யாழ்ப்பாண அரசர்கள் நந்தி உருவமும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் பொறித்துக் காசு வெளியிட்டார்கள். பிறகு ஒல்லாந்தர் 'டொயிட்' என்ற செப்பு நாணயத்தைக் கொண்டுவந்தார்கள், அதுவே தமிழில் துட்டு, சிங்களத்தில் துட்டுவ. ஆங்கிலேயர் தொடக்க காலத்தில் இங்கே கணக்கு வைத்தது றிக்ஸ்டொலரில். 4 ஸ்டைவர் ஒரு பணம், 12 பணம் ஒரு றிக்ஸ்டொலர். 1825 இல் பவுணும் ஷில்லிங்கும் வந்தன. 1872 இல் ரூபாயும் நூறு சதமும் வந்து நிலைத்தன. நாணயங்கள் எத்தனை மாறினாலும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ஈழத்தமிழன் வாயில் நின்றது காசு ஒன்றுதான். கொழும்பு முஸ்லிம் நண்பர்களும் மலையகத்தவரும் 'சல்லி' என்பார்கள். அதுவும் நல்ல தமிழ்ச் சொல், சிங்களமும் அதை ஏற்றுக்கொண்டது.

நான் பெருமைப்படுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்துக்கு எதைக் கொடுத்தோம் என்பதைவிட நம் அலுவலகங்களில் எதை வைத்துக்கொண்டோம் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழ்நாட்டில் கணக்கெழுதுபவர் 'ரொக்கம்' என்பார், ரொக்கப் புத்தகம் எழுதுவார். இங்கே உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளை எழுதுவது காசேடு. சிறுசெலவுக்குச் சில்லறைக் காசேடு. கம்பனி ஆண்டறிக்கையில் காசுப்பாய்ச்சல் கூற்று. வங்கியில் காசோலை, அஞ்சலகத்தில் காசுக்கட்டளை. எங்கள் அம்மம்மா 'மணியோடர்' என்றுதான் சொல்வார், ஆனால் படிவத்தில் அச்சாகியிருந்தது காசுக்கட்டளை. சங்கப் பாட்டில் கிளியின் அலகில் இருந்த சொல் இன்றைக்கு ஐந்தொகைக்குள் வேலை செய்கிறது. அதை அந்த இடத்தில் உட்காரவைத்த கலைச்சொல்லாக்கக் குழுவினரை நன்றியோடு நினைக்கவேண்டும்.

அரசாங்கக் கேள்விப்பத்திர அறிவித்தல்களில் இன்னொரு சொல்லைக் காணலாம்: சிறாப்பர். பணம் கட்டவேண்டியது அவரிடம். நாணயம் மாற்றுபவரைக் குறிக்கும் அரபுச் சொல் 'சர்ராஃப்' இந்தியாவில் சராப்பு ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'ஷ்ரொஃப்' ஆகி, நம்மிடம் சிறாப்பராக வந்தது. வெள்ளையர் வங்கிகள் உள்ளூர்க்காரருக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வட்டிக்கடை நடத்திய காலத்தில், யாருடைய கை நம்பத்தக்கது என்று வங்கிக்குப் பிணை நின்று சொன்னவர் இந்தச் சிறாப்பர்தான். உள்ளூர்க்காரரின் கடன் தேவையை ஆராய 1934 இல் வங்கி ஆணைக்குழு அமைந்து, 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. சிறாப்பரின் அதிகாரம் போய்விட்டது. பெயர் மட்டும் அறிவித்தல்களில் இருக்கிறது.

ஒலியை மட்டும் நம்பினால் ஏமாறக்கூடிய இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. இராணுவ அதிகாரியைப் பதவி நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'காஷியர்' என்று ஒரு வினை இருக்கிறது. அதற்கும் பணப்பெட்டிக்கும் தொடர்பில்லை, உடைத்துத் தள்ளு, இல்லாமல் செய் என்ற பொருளில் ஒல்லாந்த மொழி வழியாக வந்தது. மற்றது முந்திரியைக் குறிக்கும் 'காஷ்யூ'. பிரேசில் பழங்குடிகளின் 'அகாஜு'வைப் போர்த்துக்கேயர் 'காஜு' ஆக்கினார்கள். கொழும்பில் நாம் கஜு என்று சொல்வது ஆங்கிலச் சொல்லைவிட மூலத்துக்கு நெருக்கமானது.

மருமகளுக்கு நான் சொன்ன பதில் இது: கடையில் ரொக்கத்தைக் குறிக்கும் காஷ் இலத்தீன் பெட்டி. அருங்காட்சியகத்தில் செப்பு நாணயத்தைக் குறிக்கும் காஷ் நம்முடைய காசு. பரீட்சையில் யாராவது கேட்டால் இரண்டையும் எழுது.

போன கிழமை அவளுடைய அக்காவின் திருமணத்துக்குத் தாலிக்கொடி செய்யக் கொடுத்திருந்ததை வாங்கச் செட்டியார் தெருவுக்குப் போனோம். பவுண் விலை ஏறியிருந்தது. பவுண் என்பதே ஆங்கிலேயரின் நாணயப் பெயர், நாம் அதைப் பொன்னுக்கே பெயராக்கிவிட்டோம். கடையின் பின்புறத்துச் சின்ன அறையில், வளைகழுத்து விளக்கின் கீழே நகை செய்யும் பத்தர் குனிந்திருந்தார். தாலிக்கு இரு புறமும் வரவேண்டிய காசில் ஒன்றைப் பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரல் நகத்துக்கும் இடையில் பிடித்து, வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மருமகள் என் கையைத் தொட்டு, "மாமா, கிளி" என்றாள்.